உஷார்! சாதிச் சான்றிதழ் அத்திப்பள்ளியைத் தாண்டாது

பொம்மசந்திராவில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களே, உங்கள் வீட்டில் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளை இருந்தால் இதைத் தள்ளிப்போடாமல் படித்துவிடுங்கள். பிள்ளை பியூசி முடித்து, கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வும் எழுதி, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய் நிற்கிற நாளில்தான் பல பெற்றோருக்கு விஷயமே தெரிய வருகிறது. கையில் இருப்பது தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்த சாதிச் சான்றிதழ். அது நூற்றுக்கு நூறு உண்மையானது. ஆனாலும் கர்நாடகத்தின் இடஒதுக்கீட்டுக்கு அது செல்லாது; பிள்ளை பொதுப் பிரிவில்தான் போட்டியிட வேண்டும். அந்த நாளில் ஓடி எதையும் மாற்ற முடியாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம், திருவண்ணாமலை என்று பல ஊர்களிலிருந்து இங்கே தொழிற்பேட்டை வேலைக்கு வந்தவர்களுக்கு, வேறு மாநிலத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பே பாதி நாள் வருவதில்லை. ஹெப்பகோடி, சந்தாபுரா பக்கம் தமிழ் பேசியே காலத்தை ஓட்டிவிடலாம். நெரிசல் இல்லாவிட்டால் அத்திப்பள்ளி எல்லைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. 2025 ஆகஸ்ட் முதல் ஆர்.வி. ரோட்டிலிருந்து 19 கிலோமீட்டர் மெட்ரோ மஞ்சள் தடமும் இங்கே வந்து முடிகிறது. போக்குவரத்து எளிதாக ஆக, எல்லை என்ற ஒன்று இருப்பதே மறந்துபோகிறது. ஆபத்து அங்கேதான்.

"ஒரே நாடு, ஒரே ஆதார், பிறகென்ன?" என்று கேட்கிறவர்கள் பாதி சரி. இந்தியாவில் ஒரே குடியுரிமைதான். தமிழ்நாட்டுக் குடிமகன், கர்நாடகக் குடிமகன் என்று அரசமைப்புச் சட்டத்தில் யாரும் கிடையாது. பிரிவு 19 நாட்டின் எந்த மூலையிலும் போய்க் குடியேறும் உரிமையைத் தருகிறது. பி.எஃப். கணக்கு எண், இ.எஸ்.ஐ. அட்டை, பான், ஆதார் எல்லாம் ஒன்றிய அரசின் சட்டங்களில் பிறந்தவை. கம்பெனி மாறினாலும் மாநிலம் மாறினாலும் கூடவே வரும். மாநில அரசு தன் பட்டியலிலிருந்து, தன் கஜானாவிலிருந்து கொடுப்பவை அப்படியல்ல. அவை அந்த மாநில எல்லையோடு நின்றுவிடும். ஏழாவது அட்டவணையின் ஒன்றியப் பட்டியல், மாநிலப் பட்டியல், பொதுப் பட்டியல் எல்லாம் பள்ளிக்கூடத்தில் குடிமையியல் பாடத்தில் மனப்பாடம் செய்து மறந்த சமாச்சாரம்தான். பொம்மசந்திராவில் அது ரேஷன் கடையிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கல்லூரிக் கவுண்டரிலும் வந்து நிற்கிறது.

சாதிச் சான்றிதழுக்கே வருவோம், ஏனென்றால் இதில்தான் இழப்பு அதிகம்.

பட்டியல் சாதிகள் எவை என்று குடியரசுத் தலைவர் அறிவிப்பார் என்று சொல்லும் பிரிவு 341, அந்த அறிவிப்பு ஒவ்வொரு மாநிலத்தையும் பொறுத்ததாக இருக்கும் என்கிறது. ஆதி திராவிடர் என்ற பெயர் தமிழ்நாட்டுப் பட்டியலில் இருக்கிறது, கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருக்கிறதே, போதாதா? போதாது. 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தீர்த்துவைத்தது. ஆந்திரத்தில் பிறந்து, தந்தையின் மத்திய அரசு நிறுவன வேலைக்காகச் சிறுவயதிலேயே மும்பைக்குப் போன மாணவர் அவர். ஆந்திரத்தில் அவருடைய சமூகம் பழங்குடிப் பட்டியலில் இருந்தது. மும்பை மருத்துவக் கல்லூரியில் அந்த ஒதுக்கீட்டைக் கேட்டார், கிடைக்கவில்லை. ஒரு மாநிலத்தில் ஒரு சமூகம் அனுபவிக்கும் ஒடுக்குமுறையின் அளவு இன்னொரு மாநிலத்தில் அப்படியே இருக்க வேண்டியதில்லை. எனவே பட்டியல் அந்தந்த மாநிலத்துக்கு மட்டும் என்பது நீதிமன்றத்தின் வாதம். 1994-ல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த இன்னொரு வழக்கிலும், 30 ஆகஸ்ட் 2018-ல் பீர் சிங் வழக்கிலும் இதே நிலைதான் உறுதியானது.

அத்திப்பள்ளியைத் தாண்டியதும் ஒரு மனிதரின் சாதி இழிவு குறைந்துவிடுகிறதா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வீடு வாடகைக்குக் கேட்கப் போகும்போது சாதி எல்லை தாண்டி வரத்தான் செய்கிறது. ஆனால் சட்டம் இப்படித்தான் இருக்கிறது. அதோடு வாதாடிப் பிள்ளையின் ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம்.

பிற்படுத்தப்பட்டோருக்கும் கதை இதுதான். தமிழ்நாடு பி.சி., எம்.பி.சி. என்று பிரிக்கிறது, கர்நாடகம் 1, 2ஏ, 2பி, 3ஏ, 3பி என்று பிரிக்கிறது. ஒன்றில் இருக்கும் சாதி மற்றதில் வேறு பெயரில், வேறு படியில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பட்டியல் சாதிகளுக்குள் தமிழ்நாடு 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு கொடுத்தது. கர்நாடகம் 2025 ஆகஸ்டில் தன் 17 சதவீதத்தை 6, 6, 5 என்று பிரிக்க முடிவெடுத்தது. இரண்டும் தனித்தனிக் கணக்குகள், ஒன்றை வைத்து மற்றதில் உரிமை கேட்க முடியாது.

அப்படியானால் தமிழ்நாட்டுச் சான்றிதழ் இங்கே வெறும் காகிதமா? இல்லவே இல்லை. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., ஜிப்மர், மத்தியப் பல்கலைக்கழகங்கள், நீட் தேர்வின் அகில இந்திய ஒதுக்கீடு, ரயில்வே, வங்கி, ஒன்றிய அரசு வேலைகள் ஆகிய எல்லாவற்றிலும் பட்டியல் சாதி, பழங்குடியினர் சான்றிதழ் செல்லும். பிற்படுத்தப்பட்டோர் என்றால், உங்கள் சாதி தமிழ்நாட்டுக்கான மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சூரத்கலில் இருக்கும் என்.ஐ.டி. கர்நாடக மண்ணில்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றியத்தின் நிறுவனம், அங்கே உங்கள் சான்றிதழ் செல்லுபடி. அதே கர்நாடகத்தின் மாநில அரசுக் கல்லூரியில் செல்லாது. இடம் எந்த மாநிலத்தில் என்று பார்க்காதீர்கள், நிறுவனம் யாருடையது என்று பாருங்கள்.

கல்யாணம் செய்து வந்த பெண்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிப் பெண், கர்நாடகப் பட்டியல் சாதிக்காரரை மணந்து பொம்மசந்திராவில் குடியேறினால், அந்தத் திருமணத்தால் அவருக்குக் கர்நாடக ஒதுக்கீடு வந்துவிடாது. பஞ்சாபிலிருந்து உத்தராகண்டுக்கு மணமாகிப் போன ஒருவரின் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர் நுழைகிறார். சாதிச் சான்றிதழ் கொடுக்கும் நாடகச்சேரி அலுவலகத்தில் ஆள் இருக்கிறார், கர்நாடகச் சான்றிதழே வாங்கித் தருகிறேன் என்பார். உஷார்! சான்றிதழ் கிடைத்தாலும் அதோடு கதை முடியாது. கர்நாடகத்தில் அரசு வேலை ஆணை கைக்கு வரும் முன் மாவட்டச் சரிபார்ப்புக் குழு சாதிச் சான்றிதழின் மெய்த்தன்மையை விசாரிக்கும். தாத்தா எந்த ஊர், அப்பா எந்தப் பள்ளி என்று தோண்டுவார்கள். 2017-ல் ஜெகதீஷ் பாலாராம் பஹிரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தவறான சாதிச் சான்றில் பெற்ற வேலையும் பட்டமும் எத்தனை வருடம் கழித்துத் தெரிந்தாலும் நிலைக்காது என்று தீர்ப்பளித்தது. இருபது வருடச் சர்வீஸ் போட்டவர்களும் தப்பவில்லை. புரோக்கருக்குக் கொடுத்த பணம் அவருக்கு, குற்ற வழக்கு உங்கள் பிள்ளைக்கு.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதைத் தெரியாமல் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பட்டியல் சாதிகளுக்கான முதல் குடியரசுத் தலைவர் ஆணை வெளியான நாள் 10 ஆகஸ்ட் 1950. அன்றைக்கு உங்கள் குடும்பத்தின் நிரந்தர வசிப்பிடம் எங்கே என்பதுதான் கேள்வி. நேற்று வந்த குடும்பத்துக்கு அது தமிழ்நாடு. ஆனால் கோலார் தங்கவயல் சுரங்கத்துக்கோ, பெங்களூரு கண்டோன்மெண்டுக்கோ, பின்னி மில்லுக்கோ அதற்கு முன்பே வந்து, அங்கேயே தங்கி, பிறகு மலிவு வாடகை தேடிப் பொம்மசந்திரா வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் தமிழ் பேசினாலும் மைசூர் ராஜ்யத்தின் பழைய குடிகள். தாத்தாவின் பள்ளிப் பதிவேடு, சுரங்க வேலைச் சீட்டு, வீட்டு வரி ரசீது என்று எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். உங்கள் பிள்ளைக்குக் கர்நாடகச் சான்றிதழ் கேட்க உரிமை இருக்கலாம். "தமிழர்தானே, அங்கே போய் வாங்கு" என்று கவுண்டரில் யாராவது சொன்னால், மொழியை வைத்துச் சட்டம் பட்டியல் போடவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

அடுத்த பொறி, பள்ளிக்கூட வருடங்கள். கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வில் மாநில இடத்துக்கு வருகிற முதன்மை வழி இது: ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பியூசி வரைக்குள் குறைந்தது ஏழு கல்வியாண்டு கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், பத்தாம் வகுப்போ பியூசியோ ஒன்றாவது இங்கே தேறியிருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் எட்டு முதல் பன்னிரண்டு வரை அங்கே படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழ் கேட்பதில்லை. மருத்துவத்துக்கு ஆறிலிருந்தே கணக்கு. வெளியே படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் இருப்பிடச் சான்றிதழ் காட்டி விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மட்டும் பொதுவாகத் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குத்தான்.

இதை வைத்து ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். எட்டாம் வகுப்பு வரை பொம்மசந்திராவில் படித்த பிள்ளை. வாடகை கட்டுப்படியாகவில்லை என்று வீட்டை ஓசூருக்கு மாற்றுகிறார்கள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஓசூரில். கர்நாடகக் கணக்கில் எட்டு வருடம் இருக்கிறது, ஆனால் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வெளியே முடித்தது, அந்த வழி அடைபட்டது. தமிழ்நாட்டுக் கணக்கில் எட்டாம் வகுப்பு இல்லை, எனவே இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். அதற்கான பூர்வீகக் காகிதங்கள் ஊரில் அண்ணன் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன, அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லை. பிள்ளை இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் நிற்கிறது. பள்ளியில் டிசி கேட்டு விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாநிலங்களின் அந்த வருடத்து விதிப் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். வருடா வருடம் விதிகள் மாறும், போன வருடம் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாதீர்கள்.

இப்படிக் குடியிருப்பை வைத்துப் பிரிப்பது சட்டப்படி சரியா என்று கோபப்படுகிறவர்களுக்காக: பிரிவு 15 பிறந்த இடத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. குடியிருக்கும் இடத்தைப் பற்றி அது பேசவில்லை. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1955-லேயே டி.பி. ஜோஷி வழக்கில் பிடித்துக்கொண்டது; இன்றுவரை மாநிலங்களின் கல்லூரி விதிகள் அந்த வாசல் வழியாகத்தான் வருகின்றன. மருத்துவ மேற்படிப்பில் மட்டும் அந்த வாசல் மூடிவிட்டது. 29 ஜனவரி 2025-ல் தன்வி பெல் வழக்கில் குடியிருப்பு ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா, புதிதாக வந்தவர்களுக்கு முதல் வருடம் பழைய மாநிலத்தின் அளவுக்கே உதவித்தொகை என்று சட்டம் போட்டபோது, அங்கே உச்ச நீதிமன்றம் 1999-ல் அதைத் தூக்கி எறிந்தது. நம்மூரில் அந்த அளவுக்குப் போகவில்லை.

ரேஷனில் ஏமாறுகிறவர்களும் உண்டு. ஒரே நாடு ஒரே ரேஷன் என்பது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அட்டைகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் முன்னுரிமை அட்டையும் அந்த்யோதயா அட்டையும் அந்த வகை. முன்னுரிமையற்ற அட்டைக்குத் தமிழ்நாடு தன் செலவில் அரிசி கொடுக்கிறது. அந்த அட்டையைப் பொம்மசந்திரா கடையில் காட்டினால் ஒன்றும் வராது. உங்கள் அட்டையில் எந்தக் குறியீடு இருக்கிறது என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். கர்நாடகத்தில் கிருஹலட்சுமி 2,000 ரூபாய் தருகிறதே, தமிழ்நாட்டு மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் வரட்டுமே என்று இரண்டு மாநிலத்திலும் அட்டை வைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். இரண்டும் ஆதாரோடு இணைந்தவை. சக்தி திட்டத்தின் இலவசப் பேருந்தும் கர்நாடக முகவரி இருக்கும் பெண்களுக்குத்தான். கட்டடத் தொழிலாளர் நல வாரியப் பதிவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டு வாரிய அட்டையை வைத்து இங்கே கல்யாண உதவி கேட்க முடியாது.

வாக்காளர் பட்டியலில் இரண்டு ஊரில் பெயர் இருந்தால் பெருமைப்பட வேண்டாம், பயப்படுங்கள். 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 17 ஒருவர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம் என்கிறது. விண்ணப்பத்தில் பொய் உறுதிமொழி கொடுத்தால் பிரிவு 31-ன்படி ஓராண்டு வரை சிறை கிடைக்கலாம். 2025 டிசம்பரில் தமிழ்நாட்டின் சிறப்புத் தீவிரத் திருத்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் விடுபட்டன. இறந்தவர்களோடு, இடம் மாறியவர்களும் இரட்டைப் பதிவுகளும் அதில் அடக்கம். ஊரில் பெயர் போய், ஆனேக்கல் தொகுதியிலும் பதியாமல் இருப்பவர்களுக்கு எந்த ஊரிலும் ஓட்டு இல்லை. ஊரில் பெயர் போயிருந்தால் படிவம் 6, இன்னும் இருந்தால் படிவம் 8 கொடுத்து, உண்மையில் எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே பதிந்துகொள்ளுங்கள்.

டி.என். 70 என்ற ஓசூர்ப் பதிவு வண்டிக்காரர்களே, உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 46-ன்படி ஒரு மாநிலப் பதிவு நாடெங்கும் செல்லும். பிரிவு 47, பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இன்னொரு மாநிலத்தில் வைத்திருந்தால் புதுப் பதிவு எண் வாங்கச் சொல்கிறது. பதிவு ஒன்றியச் சட்டம், வரி மாநிலத்தின் அதிகாரம். கர்நாடகத்தின் வாழ்நாள் வரி நாட்டிலேயே கனமானவற்றில் ஒன்று, காருக்கு விலையைப் பொறுத்து 13 முதல் 18 சதவீதம். 2014-ல் 30 நாளைத் தாண்டினாலே வரி என்று சட்டத்தைத் திருத்தினார்கள். 2016-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆனால் பன்னிரண்டு மாதக் கணக்கு அப்படியேதான் இருக்கிறது. ஓசூரில் வீடு வைத்துக்கொண்டு தினமும் வந்து போகிறவர்கள் அத்திப்பள்ளி சுங்கச்சாவடிப் பதிவுகளையும் ஓசூர் முகவரிச் சான்றையும் கைவசம் வைத்திருங்கள். வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்பதுதான் பேச்சு. இங்கேயே குடியிருப்பவர்கள் ஊர் ஆர்.டி.ஓ.விடம் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, அங்கே மீதி வரியைத் திருப்பிக் கேளுங்கள். குறைந்தது நான்கு மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்குப் பி.எச். பதிவு உண்டு, அதைக் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, இன்னும் வராத ஆனால் வரக்கூடிய ஒன்று. 15 ஜூலை 2024 அன்று கர்நாடக அமைச்சரவை, தொழிற்சாலைகளில் மேலாண்மைப் பணிகளில் 50 சதவீதமும் மற்றவற்றில் 70 சதவீதமும் உள்ளூர்க்காரர்களுக்கு என்ற மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தது. மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமும் தொழில் முதலாளிகளும் கொதித்தெழுந்ததும் இரண்டே நாளில் நிறுத்திவைத்தார்கள். நிறுத்திவைத்தார்கள், கைவிட்டதாகச் சொல்லவில்லை. ஹரியானாவின் 75 சதவீதச் சட்டத்தை 17 நவம்பர் 2023-ல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது உண்மைதான். கர்நாடகச் சட்டம் வந்தாலும் நீதிமன்றத்தில் நிற்பது கடினம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வழக்கு முடிய வருடங்கள் ஆகும், அதுவரை எந்த மனிதவள மேலாளர் வம்பை விலைக்கு வாங்குவார்? நம்மவர்கள் மட்டும் யோக்கியம் என்றும் சொல்ல முடியாது. 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க.வும் தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் 75 சதவீத வேலை தமிழர்களுக்கு என்று வாக்குக் கொடுத்தது.

அந்த மசோதாவில் உள்ளூர்க்காரர் யார் என்ற வரையறையைப் பாருங்கள். கர்நாடகத்தில் பிறந்திருக்க வேண்டும், 15 வருடம் இங்கே குடியிருந்திருக்க வேண்டும், கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்து, தேர்விலும் தேற வேண்டும். இருபது வருடமாக லேத் ஓட்டும் தர்மபுரிக்காரர் இதில் உள்ளூர்க்காரர் இல்லை. இங்கேயே பிறந்து, இங்கே பள்ளியில் கன்னடம் படிக்கும் அவருடைய பிள்ளை உள்ளூர்க்காரர். ஆனால் நம் வழக்கம் என்ன? ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். பாலக்கோட்டு அரசு மருத்துவமனையில் பிறந்து, நாற்பதாம் நாள் பொம்மசந்திரா வந்து, இங்கேயே வளர்ந்து, தமிழைவிடக் கன்னடம் நன்றாகப் பேசும் மூத்த பிள்ளை அந்த வரையறைக்கு வெளியே நிற்கும். நாராயணா மருத்துவமனைப் பக்கத்தில் பிறந்த தம்பி உள்ளே. மசோதா மறுபடி எடுக்கப்பட்டால் பொதுமக்கள் கருத்தாக முதலில் எழுதி அனுப்ப வேண்டியது இந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதுவரை மூத்த பிள்ளையின் முதல் வகுப்பிலிருந்து வந்த பள்ளிப் பதிவுகளைத் தொலைக்காமல் வையுங்கள்.